சொந்த நாட்டுக்குள் நுழைய என்ன கடதாசி வேண்டும்?

காணிக்கு உறுதி இருப்பது போல மனிதனுக்கும் ஓர் உறுதி உண்டு. அதுதான் பிறப்புப் பதிவு. காணி உறுதி தொலைந்தால் நாம் பதறுகிறோம், நொத்தாரிசிடம் ஓடுகிறோம், கச்சேரிக்கு நடையாய் நடக்கிறோம். பிள்ளையின் பிறப்புப் பதிவு இல்லாவிட்டாலோ, "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பிள்ளை வளர்ந்து, நாட்டின் வாசலில் நிற்கும்போது அதிகாரி முதலில் கேட்பது அந்தக் கடதாசியைத்தான்.

திருகோணமலை மாவட்டத்தில் இடம்பெயராத விவசாயக் குடும்பத்தைக் காண்பது அரிது. 1983, 1985, 1990, 2006 என்று ஒவ்வொரு அலையிலும் எமது மக்கள் வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு ஓடினார்கள். தென்னமரவாடி மக்கள் 1984இல் ஊரை விட்டார்கள். சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் 2006இல் ஓடினார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் மன்னார்க் கரைக்குப் போய், இரவில் படகேறி, தனுஷ்கோடி மணல் திட்டில் இறங்கி, மண்டபம் முகாமை அடைந்தார்கள். இன்றும் ஏறத்தாழ 58,000 பேர் தமிழ்நாட்டின் முகாம்களில் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே வாழ்வோர் வேறு. உங்களில் பலருக்கு அங்கே சகோதரம் உண்டு, பிள்ளை உண்டு, பேரப்பிள்ளை உண்டு. அவர்கள் வரவேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள். வருவதற்கு என்ன தேவை, வந்தபின் என்ன தேவை என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கடவுச்சீட்டும் வீசாவும்

இவ்விரண்டையும் பலர் ஒன்றென்று எண்ணுகிறார்கள். அவை வேறு வேறு. கடவுச்சீட்டு என்பது "இவர் எமது பிரசை" என்று ஒருவருடைய சொந்த நாடு கொடுக்கும் சான்று. வீசா என்பது "இவர் எமது நாட்டுக்குள் வரலாம்" என்று மற்ற நாடு கொடுக்கும் அனுமதி. அயலவர் எமது வளவுக்குள் வர எம்மிடம் கேட்க வேண்டும். வளவுக்குச் சொந்தக்காரர் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் வளவு தன்னுடையதுதான் என்று காட்ட அவரிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

ஆகவே இலங்கைப் பிரசைக்கு இலங்கைக்குள் வர வீசா தேவையில்லை. எமது அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை, இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் உரிய அடிப்படை உரிமையாக வைத்திருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையும், தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை எவரிடமிருந்தும் எதேச்சையாகப் பறிக்கக்கூடாது என்கிறது. இலங்கை 1980இல் அதில் இணைந்துகொண்டது. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவது எவரும் எமக்குப் போடும் பிச்சை அல்ல, உரிமை.

உரிமை ஒன்று, அதை நிறுவுவது இன்னொன்று. எமது மக்கள் இடறி விழுவது இந்த இரண்டாவதில்தான்.

கடலுக்குள் எல்லை வந்த காலம்

எங்கள் பாட்டன்மாருக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்புக்கு வந்தார்கள். இரண்டு கரைகளும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. சுதந்திரத்தின் பின் நிலைமை மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் யார் இந்நாட்டவர் என்று வரையறுத்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாக, உரிய ஆவணத்துடன் மட்டுமே போகலாம், வரலாம் என்பது சட்டமாயிற்று.

போர்க்காலத்தில் ஓடியவர்கள் இச்சட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஓடவில்லை. குண்டு விழும்போது யாரும் கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நிற்பதில்லை. ஒரு கையில் பிள்ளை, மறுகையில் பை. அந்தப் பைக்குள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருந்த குடும்பம் பாக்கியம் செய்த குடும்பம்.

ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகள்

சட்டத்தை விளங்கிக்கொள்ள ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மூதூர் கிழக்கில் நெற்செய்கை பண்ணிய தாயும் தகப்பனும். மூத்த மகள் 2004இல் திருகோணமலை ஆசுபத்திரியில் பிறந்தாள். 2006இல் குடும்பம் இந்தியாவுக்குப் போயிற்று. இரண்டாவது மகன் 2009இல் தமிழ்நாட்டு முகாமில் பிறந்தான். சம்பூரில் முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்ட 818 ஏக்கர் காணி 2015இலும், கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கர் 2016இலும் மக்களுக்கு விடப்பட்டபோது, இவர்களும் ஊருக்கு வந்தார்கள். மூன்றாவது மகள் 2017இல் ஊரில் பிறந்தாள்.

மூவரும் ஒரு தாயின் பிள்ளைகள். ஒரே பாயில் படுப்பவர்கள். சட்டத்தின் முன் மூவரின் நிலையும் ஒன்றல்ல.

மூத்தவளுக்குச் சிக்கலில்லை. அவளுடைய பிறப்பு இங்கே பதியப்பட்டிருக்கிறது. அத்தாட்சிப் பத்திரம் தொலைந்தாலும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். கடைசிப் பிள்ளையும் இங்கேயே பிறந்தவள், தாய் தகப்பன் இலங்கைப் பிரசைகள், அவளும் பிரசையே.

நடுவில் பிறந்தவனின் கதை வேறு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை தானாக இலங்கைப் பிரசை ஆகிவிடுவதில்லை. பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்தப் பிறப்பை இலங்கைத் தூதரக அலுவலகத்திலோ, இங்குள்ள உரிய திணைக்களத்திலோ பதிய வேண்டும். அதற்குப் பின், தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் அனுமதிக்கும் மேலதிக காலத்துக்குள் பதியலாம். முன்பு தகப்பன் வழியாக மட்டுமே இந்த உரிமை கிடைத்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின் தாய் வழியாகவும் கிடைக்கிறது. கணவனை இழந்த தாய்மாரும், கணவன் காணாமற் போன தாய்மாரும் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

முகாமில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டு நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்குப் பதிவு இருக்கிறது" என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் பிள்ளை எங்கே, எப்போது பிறந்தான் என்பதை மட்டுமே சொல்லும். அவன் எந்த நாட்டுப் பிரசை என்பதைச் சொல்லாது.

பதிவில்லாத பிள்ளையும் பாடசாலைக்குப் போவான், படிப்பான், தகப்பனோடு வயலில் இறங்குவான். பதினைந்து வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கதவு அடைபடும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் அடையாள அட்டை கேட்பார்கள். வாக்காளர் இடாப்பு, வங்கிக் கணக்கு, அரச உத்தியோகம், காணி உத்தரவுப்பத்திரத்தில் பின்னுரித்தாளராகப் பெயர் பதிவது என்று எங்கே போனாலும் அதே கேள்வி வரும். அத்தோடு முடியாது. இலங்கையில் பிறக்கும் பிள்ளை பிரசையாவது, தாயோ தகப்பனோ பிரசையாக இருப்பதால்தான். இன்று பதியாமல் விட்ட பிள்ளை நாளைக்குத் தகப்பனாவான். அப்போது அவனுடைய பிள்ளையின் நிலையும் கேள்விக்குள்ளாகலாம். பழுதான உறுதியை வைத்து எழுதப்படும் அடுத்த உறுதியும் பழுதாவது போலத்தான் இது.

இந்தியாவில் அவர்களுடைய நிலை

"இந்தியாவில் பிறந்தவன்தானே, இந்தியப் பிரசை ஆகிவிடுவானே" என்று சிலர் கேட்பார்கள். பிறந்த திகதியைப் பொறுத்தே பதில் அமையும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியப் பிரசைகள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு மதராஸ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் கட்டளையிட்டது இந்த விதியின்படிதான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தோருக்குத் தாய் அல்லது தகப்பன் இந்தியப் பிரசையாக இருந்திருக்க வேண்டும். அதன் பின் பிறந்தோருக்கு விதி மேலும் இறுக்கமானது: பெற்றோரில் ஒருவர் இந்தியப் பிரசையாக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதமாக நுழைந்தவராகக் கருதப்பட்டால் பிள்ளைக்குப் பிரசாவுரிமை இல்லை. 2019இன் இந்தியத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தவருக்கு வழிதிறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

2025இல் இந்தியா புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அதன் கீழ் வந்த விலக்களிப்புக் கட்டளை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, வீசா இல்லாமல் நுழைந்தமை, தங்கியமை தொடர்பான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. அச்சத்தைக் குறைத்த வகையில் இது நல்ல செய்தி. ஆனால் இது பிரசாவுரிமை அல்ல. உறவினர்கள் இதைக் கேள்விப்பட்டு "எல்லாம் சரியாகிவிட்டது" என்று பிள்ளைகளின் இலங்கைப் பதிவைக் கைவிட்டுவிடக்கூடாது.

இப்படியாக, 1987இன் பின் முகாமில் பிறந்த பிள்ளை அந்தக் கரையிலும் பிரசை இல்லை, பதியாவிட்டால் இந்தக் கரையிலும் இல்லை. நாடற்றவர் என்று சட்டம் சொல்லும் நிலை இதுவே. மலையகத்து உறவுகள் இந்த வேதனையை எம்மைவிட நன்கறிவார்கள். அவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டமும், போரினால் இந்தியாவுக்குப் போனவர்களையும் உள்ளடக்கிய 2009ஆம் ஆண்டுத் திருத்தமும் இருக்கின்றன. 1977 வன்செயலின் பின் எமது மாவட்டத்தில் வந்து குடியேறிய மலையகக் குடும்பங்கள் இவற்றைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

வருவதற்கான படிகள்

முறைப்படி திரும்புவோர் பொதுவாக மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும்.

முதலாவது, சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயம். கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்குத் தற்காலிகப் பயண ஆவணம் வழங்குவதும், அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைப் பதிவதும் இங்கேதான். பெற்றோரின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, திருமணப் பதிவு, பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும்.

இரண்டாவது, இந்திய அரசின் வெளியேறும் அனுமதி. வீசா இல்லாமல் வந்தவர்கள் இந்த அனுமதியில்லாமல் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. முகாமில் பதிந்தவர்கள் தமிழ்நாட்டு அதிகாரிகள் ஊடாகவே இதைப் பெறவேண்டும். நீதிமன்ற வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் அதை முதலில் முடிக்க வேண்டும்.

மூன்றாவது, இங்கே வந்திறங்கும்போது நடைபெறும் குடிவரவு விசாரணை.

ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் போருக்குப் பின்னான ஆண்டுகளில் விருப்பத்தோடு திரும்பியவர்களுக்கு விமானச் சீட்டும் சிறு உதவித் தொகையும் கொடுத்து வந்தது. 1984இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல்லாயிரம் பிள்ளைகளின் ஆவணங்களுக்காக உழைத்திருக்கிறது. உதவிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், புறப்படத் தீர்மானிக்கும் முன் இவற்றிடம் நேரில் விசாரிக்குமாறு உறவினருக்குச் சொல்லுங்கள்.

அங்கே இந்தியப் பிரசையை மணந்த பிள்ளைகளுக்கு இன்னொரு விடயம். அந்த மருமகளோ மருமகனோ எமக்குப் பிள்ளைதான், சட்டத்துக்கு வெளிநாட்டவர். அவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டும், வீசாவும் வேண்டும். சுற்றுலா அனுமதியில் வந்து காலம் கடந்தும் தங்கிவிட்டால் தண்டப் பணமும் வெளியேற்றமும் நேரலாம். இலங்கைப் பிரசையின் வாழ்க்கைத் துணைக்கு வதிவிட வீசா உண்டு. அதற்குத் திருமணம் சட்டப்படி பதியப்பட்டிருப்பது அவசியம். கோயிலில் தாலி கட்டியதும், தேவாலயத்தில் மோதிரம் மாற்றியதும் மட்டும் போதாது.

பெயரால் வரும் தொல்லை

எம்மிடம் ஆவணங்களைக் கொண்டுவரும் குடும்பங்களில் நாம் அடிக்கடி காண்பது பெயர்ப் பிழை. தகப்பனின் பெயர் இங்குள்ள பத்திரத்தில் முழுமையாக இருக்கும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் ஒரே ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும். முகாம் அட்டையில் கூப்பிடுகிற பெயர். பாடசாலைச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல். நான்கு கடதாசியில் நான்கு மனிதர்! அதிகாரிக்கு ஐயம் வருகிறது, கோவை மேசையில் கிடக்கிறது, ஆண்டுகள் போகின்றன.

ஆகவே எல்லாக் கடதாசிகளையும் ஒரே நாளில் மேசையில் பரப்பி, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையைக் கொடுத்த அலுவலகத்திலேயே திருத்தம் கேளுங்கள். ஒருவரே இரண்டு பெயரில் அறியப்படுகிறார் என்ற சத்தியக் கடதாசி சில இடங்களில் உதவும். இலங்கையில் பிறந்தும் பதிவே இல்லாதவர்கள் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். திருமுழுக்குப் பதிவேட்டின் பிரதி, சாதகம், பாடசாலை இடாப்பு ஆகியவை துணைச் சான்றாக அமையும். போரில் பல கோவில்களும் பாடசாலைகளும் எரிந்தன. ஆனாலும் எல்லா ஏடுகளும் அழியவில்லை. கேட்டுப் பாருங்கள்.

போனது குற்றமா?

2025 மே மாத இறுதியில், தமிழ்நாட்டிலிருந்து அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய 75 வயது முதியவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். உரிய ஆவணமின்றி நாட்டை விட்டுப் போனார் என்பதே குற்றச்சாட்டு. பெருங் கண்டனம் எழுந்த பின் அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் அந்தச் செய்தி முகாம்களுக்குப் போய்விட்டது. பெட்டி கட்டியிருந்தவர்கள் பலர் தயங்கி நின்றதில் வியப்பில்லை.

உயிர் தப்ப ஓடியவரையும், ஆட்களைப் பணத்துக்குக் கடத்துபவரையும் ஒரே சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பது நீதியல்ல. திரும்பி வருவது அடிப்படை உரிமை என்று சொல்லும் நாடு, வருகிறவரை வாசலில் வைத்து விலங்கிடக்கூடாது. போர்க்காலத்தில் வெளியேறியவர்களை இந்தக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் தெளிவான ஏற்பாடு சட்டத்திலேயே இருக்க வேண்டும். அதிகாரியின் இரக்கத்தில் தங்கியிருக்கக்கூடாது. உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் இதை எழுத்தில் கேட்க வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, வீதியையும் குளத்தையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்.

சட்டம் மாறும்வரை ஓர் எச்சரிக்கை. அச்சத்தினால் சிலர் மீண்டும் கள்ளத் தோணியில் திரும்பி வருகிறார்கள். அது இன்னொரு குற்றச்சாட்டைத் தேடித்தரும். பிள்ளை வந்த நாளுக்கும் வந்த வழிக்கும் சான்று இல்லாமற் போகும். கடலில் உயிரும் போகலாம்.

இப்போதே செய்யக்கூடியவை

இந்தியாவில் பிறந்து இங்கே வந்துவிட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பிரசாவுரிமைப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தின் வழிகாட்டலோடு பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரசாவுரிமைப் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். ஒரு வருடம் கடந்துவிட்டது என்பதற்காகக் கைவிட வேண்டாம். தாமதத்துக்குப் போரும் முகாம் வாழ்வும் தகுந்த காரணங்களே. அவற்றை விபரமாக எழுதுங்கள். பிள்ளைக்குப் பதினைந்து வயது வரும்வரை காத்திருக்காதீர்கள்.

உறவினர் இன்னும் அங்கே இருந்தால், அவர்களுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதிகளை இங்கிருந்து எடுத்து அனுப்புங்கள். அங்கிருந்து அவர்களால் இதைச் செய்வது கடினம். உங்களுக்கு ஒரு நாள் பயணம். ஒவ்வொரு பத்திரத்திலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். மூலப்பத்திரத்தை எந்த முகவரிடமும் கொடுக்காதீர்கள். பணம் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்பவர் விற்கும் கடதாசி, விமான நிலையத்தில் உங்கள் பிள்ளையைக் குற்றவாளியாக்கும்.

வர விரும்பாதவர்களையும் நாம் குறை சொல்லக்கூடாது. அங்கே படித்து, தொழில் கண்டு, வேர்விட்டவர்கள் உண்டு. வருவதும் வராததும் அவர்களுடைய தீர்மானம். ஆனால் பதிவு செய்வது எவரையும் வரும்படி கட்டாயப்படுத்தாது. அது வாசலைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான்.

மழைக்கு முன் வரம்பு கட்டாத விவசாயி எமது மாவட்டத்தில் இல்லை. வெள்ளம் வந்தபின் வரம்பு கட்ட முடியாது என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன், உங்கள் ஊரில் பதிவில்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பட்டியல் எடுங்கள். பட்டியலோடு ஐந்தாறு குடும்பங்களாகச் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகிறவரை நாளைக்கு வரச் சொல்வார்கள். ஊராகப் போனால் இன்றைக்கே கோவையைத் திறப்பார்கள்.